விழிப்புணர்வு யாருக்கு இல்லை?

"தோட்டத்துப் பெற்றோரிடம் விழிப்புணர்வு இல்லை." ஊவா மாகாணத்தில் விசேட தேவையுடைய பிள்ளைகளின் கல்வியைப் பற்றி எந்த மேடையில் எவர் பேசினாலும் இவ்வசனம் தவறாமல் வந்துவிடுகின்றது. அதிகாரி சொல்கின்றார். தொழிற்சங்கப் பிரமுகர் சொல்கின்றார். கொழும்பிலிருந்து வாகனத்தில் வந்திறங்கும் தொண்டு நிறுவனத்தாரும் சொல்கின்றனர். முன்னதாகக் குத்துவிளக்கு ஏற்றப்பட்டிருக்கும், முடிவில் பிள்ளைகளுக்குப் புத்தகப் பையும் கொப்பியும் வழங்கப்படும், படம் எடுக்கப்படும், மறுவாரம் செய்தி வெளிவரும். பத்திரிகை மேசையில் நெடுங்காலம் இருந்தவன் என்ற வகையில் அச்செய்தியின் வார்ப்பு எனக்கு மனப்பாடம். பெயர்களை மட்டும் மாற்றினால் எந்த ஆண்டுக்கும் பொருந்தும்.

இவ்வசனத்தை நான் ஏற்பதில்லை. அது பொய், அதைவிட முக்கியமாக, அது மிகவும் வசதியான பொய். பெற்றோர் அறியாதவர் என்று ஒருமுறை தீர்மானித்துவிட்டால் அலுவலகம் வேறெதையும் செய்ய வேண்டியதில்லை. ஆண்டுக்கொரு கருத்தரங்கு நடத்தினால் கடமை தீர்ந்தது.

மடுல்சீமைப் பகுதித் தோட்டமொன்றைச் சேர்ந்த தாய் ஒருவரைச் சில காலத்துக்கு முன் சந்தித்தேன். மகனுக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை, பாடசாலையிலும் சேர்க்கப்படவில்லை. அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே தமக்கு ஐயம் தோன்றியதாக அவர் கூறினார். "பேரு சொல்லிக் கூப்பிட்டா திரும்ப மாட்டான் ஐயா. ஆனா தகரத்துல மழை அடிச்சு ஊத்துனா சிரிப்பான். அப்ப கொஞ்சமாச்சும் காது கேக்குதுதானே?" செவிப்புலன் நிபுணர் ஒருவர் கேட்க விரும்பும் மிகச் சரியான கேள்வியை லயன் அறையில் இருந்துகொண்டு அந்தத் தாய் தாமாகவே கேட்டிருக்கின்றார். பின்னர் பெட்டியிலிருந்து ஒரு துண்டை எடுத்து நீட்டினார். மருந்துத் துண்டு என்று எண்ணிப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அதில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: கேட்டல் பரிசோதனைக்கு அனுப்புக. திகதி ஓராண்டுக்கும் மேற்பட்டது. அத்துண்டை எந்த அறைக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்றோ, அது மருந்துக்கானதன்று என்றோ அவருக்கு எவரும் சொல்லவில்லை. எந்த வைத்தியசாலை என்பதை இங்கு எழுதப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்பதே என் வாதம்.

இந்தத் தாய்க்குத்தான் விழிப்புணர்வு இல்லையாம்.

தோட்டத்தில் ஒரு பிள்ளையின் குறை கண்ணுக்குத் தப்புவது எளிதன்று. சில மாதக் குழந்தையாக இருக்கும்போதே பிள்ளைக் காம்பராவில் விடப்படுகின்றது. அங்குள்ள ஆயா ஒரே வயதுப் பிள்ளைகள் பலரை நாள் முழுதும் ஒருங்கே பார்க்கின்றார். எது தவழவில்லை, எது முகம் பார்க்கவில்லை, எது சத்தத்துக்குத் திடுக்கிடவில்லை என்பது அவருக்கு எந்தப் பட்டமும் இன்றியே தெரியும். கொழும்பில் தனிக்குடித்தனத்தில் முதற்பிள்ளையை வளர்க்கும் படித்த பெற்றோருக்கு இவ்வாய்ப்பு இல்லை. ஆனால் அந்த ஆயா கண்டதை எழுதுவதற்கு ஒரு தாளோ, எழுதியதைக் கேட்பதற்கு ஒரு காதோ நம்மிடம் இருக்கின்றதா? கேட்காமலே இருந்துவிட்டு, அவர்கள் சொல்லவில்லை என்கின்றோம்.

அடுத்து, பயணத்தின் கணக்கைப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளிக்கு நாள் என்பது ஒரு பேர். கொழுந்து நிறை குறைந்தால் அரைப் பேர்; வேலைக்குப் போகாவிட்டால் பேரே இல்லை. நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபாயாகவும் வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டபோது எழுந்த வெடிச்சத்தம் வாசகர்களுக்கு நினைவிருக்கும். மடுல்சீமையிலிருந்தோ லுணுகலைப் பக்கத்து ஹொப்டனிலிருந்தோ பசறை வழியாகப் பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு பிள்ளையைக் கொண்டுவந்து திரும்ப முழுநாள் வேண்டும். பிள்ளை நடக்க முடியாததென்றால் கணவரும் வரவேண்டும். இரண்டு பேர் போயிற்று. தோட்டத்துப் பாதையிலிருந்து பஸ் வரும் சந்திக்கு முச்சக்கர வண்டிக் கூலி வேறு. அந்தப் பாதை ஏன் அப்படிக் கிடக்கின்றது என்று கேட்பவர்களுக்கு: 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் தோட்டங்களுக்குள் பிரதேச சபை நிதி செலவிடப்படுவதைத் தடுத்துக்கொண்டிருந்தது, 2018இல்தான் அது திருத்தப்பட்டது. முப்பது ஆண்டுகளாக வரிசையில் நின்றது சக்கர நாற்காலி மட்டுமன்று, பாதையும்தான்.

இவ்வளவு கடந்து வந்த தாய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல் வரவில்லையென்றால், கிளினிக் கொப்பியில் "ஒழுங்காக வருவதில்லை" என்று எழுதப்படுகின்றது. பின்னர் மேடையில் அதற்கு விழிப்புணர்வின்மை என்று பெயர்.

எனினும் பணமும் பாதையும் என் முதன்மைப் புகார் அல்ல. மொழியே முதன்மையானது. 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988இல் 16ஆவது திருத்தம் நிருவாக மொழி பற்றிய ஏற்பாடுகளைச் செய்தது. 1999இல் பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்ல, ஹாலி-எல, ஹப்புத்தளை, பசறை முதலிய பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்டன. பதுளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். தாளில் எல்லாம் சரியாகவே இருக்கின்றது. பரிசோதனை அறைக்குள் என்ன நடக்கின்றது?

வைத்தியர் சிங்களத்தில் கேட்கின்றார். தாய் தமக்குத் தெரிந்த சந்தைச் சிங்களத்தில் பதில் சொல்கின்றார். இடையில் ஒரு சிற்றூழியரோ, வரிசையில் அடுத்து நிற்கும் ஒரு பெண்ணோ மொழிபெயர்க்கின்றார். பிள்ளையிடம் அதன் பெயர் சிங்களத்தில் கேட்கப்படுகின்றது; பிள்ளை பேசாமல் நிற்கின்றது. படம் காட்டிக் கேட்கப்படுகின்றது. பிள்ளை தாயின் சேலைக்குள் முகம் புதைக்கின்றது. இதிலிருந்து எதை அறிந்துகொள்ள முடியும்? பிள்ளைக்குப் பேச்சு வளர்ச்சி குன்றியிருக்கலாம். காது கேட்காமலிருக்கலாம். அல்லது, தெரியாத மொழியில் ஒரு அந்நியர் பேசியதற்கு எந்தப் பிள்ளையும் செய்வதையே அது செய்திருக்கலாம். மூன்றுக்கும் தாளில் எழுதப்படுவது ஒரே சொல்தான்.

வைத்தியர்களைக் குறை கூறுவது என் நோக்கமன்று. கிளினிக் நாளில் அவர்கள் முன்னே நிற்கும் வரிசையைக் கண்டவன் நான். இலங்கையில் பேச்சுச் சிகிச்சைக்கான பட்டப்படிப்பே களனிப் பல்கலைக்கழகத்தின் ராகமை மருத்துவ பீடத்தில் 2008இல்தான் ஆரம்பமானது. அங்கிருந்து வெளியேறுவோரில் தமிழில் பணியாற்றக்கூடியவர் மிகச் சிலரே. தனிமனிதர் தவறு இல்லாததால்தான் இதை அமைப்பின் தவறு என்கின்றேன்.

உலகில் இது முதன்முறையாக எழுந்த பிரச்சினையுமன்று. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த பகுதியில் ஸ்பானிய மொழி பேசும் ஒன்பது பிள்ளைகள் ஆங்கிலத்தில் பரீட்சிக்கப்பட்டு, மந்தபுத்தியுள்ளோர் வகுப்பில் இருத்தப்பட்டனர். தாய்மொழியில் மீளப் பரீட்சித்தபோது அவர்களுள் பெரும்பாலானோர் அவ்வகுப்புக்கு உரியவரல்லர் என்று தெரியவந்தது. பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். 'டயானா வழக்கு' என்று கல்வியுலகம் அறிந்த அவ்வழக்கு 1970இல் இணக்கமாக முடிந்தது. பிள்ளையின் தாய்மொழியில் பரீட்சிக்க மாநிலம் ஒப்புக்கொண்டது. அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இன்று அந்நாடு முழுவதற்கும் விதி இதுதான்: பிள்ளையின் மொழியில் மதிப்பீடு; பெற்றோரின் மொழியில் அறிவித்தல்; எழுத்தில் பெற்றோரின் சம்மதம். கொழுந்துக்குப் பதில் அங்கே கீரையும் திராட்சையும் பறித்த ஏழைகள் பெற்ற உரிமை இது. அவர்களுக்கு விழிப்புணர்வுக் கருத்தரங்கு நடத்தி இது வரவில்லை.

தாய்மொழியில் மதிப்பீடு இல்லாததால் தவறு இரு பக்கமும் நேர்கின்றது. உதவி வேண்டிய பிள்ளைக்கு உதவி கிடைப்பதில்லை. உதவி வேண்டாத பிள்ளை விசேட கல்வி அலகில் போடப்படுகின்றது. ஆசிரியர் வெற்றிடத்தால் மூன்றாம் தரம் வரை எழுத்துக் கூட்டப் பழகாத பிள்ளையை "மெல்லக் கற்பவர்" என்று பதிவதை நான் கண்டிருக்கின்றேன். மெல்லக் கற்பித்தது யார் என்று எவரும் கேட்பதில்லை. மாறாக, பார்வை மங்கிய பிள்ளை, ஒரு மூக்குக் கண்ணாடியால் தீரக்கூடிய குறையோடு, பின்வாங்கில் வருடக்கணக்கில் "படிப்பு ஏறாதவன்" என்று இருக்கின்றது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை 1, 4, 7, 10ஆம் தரங்களில் நடைபெறுவது உண்மை, நல்ல ஏற்பாடு. ஆனால் பாடசாலையில் சேர்க்கப்படாத பிள்ளை அப்பரிசோதனையில் எப்படி நிற்கும்? மிகவும் தேவையுள்ள பிள்ளையே கணக்குக்கு வெளியே போய்விடுகின்றது.

இங்கு அதிபர்களைப் பற்றியும் ஒரு சொல். "இந்தப் பிள்ளைக்கு எங்கள் பாடசாலை சரிவராது, பதுளைக்குக் கொண்டு போங்கள்" என்று அன்பாகவே சொல்லி அனுப்புகின்றனர். அன்பாகச் சொன்னாலும் அது மறுப்புத்தான். சட்டத்துக்கு மாறான மறுப்பு. 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்க, வலது குறைந்தோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டத்தின் 23ஆம் பிரிவு, ஒருவரின் குறைபாட்டைக் காரணம் காட்டி எந்தக் கல்வி நிறுவனமும் அனுமதியில் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். 1998இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயமாக்கப்பட்ட பாடசாலை வரவு 2016இல் 16 வயது வரை உயர்த்தப்பட்டது. அதே 2016 பெப்ரவரியில் இலங்கை ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயத்தை ஏற்றுறுதி செய்தது. அதன் 24ஆம் உறுப்புரை கல்வியைப் பற்றியது. சட்டம் இயற்றி முப்பது ஆண்டாகப் போகின்றது. அதைப் படித்த அதிபர் எத்தனை பேர்? அதைத் தமிழில் ஒரு பக்கத் துண்டுப் பிரசுரமாக அச்சிட்டு ஒவ்வொரு பிள்ளைக் காம்பராவிலும் ஒட்ட எவ்வளவு செலவாகும்? விழிப்புணர்வு யாருக்கு இல்லை என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும்.

பழைய கதையையும் சற்று நினைவூட்ட வேண்டியுள்ளது. 1907ஆம் ஆண்டுக் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயதுப் பிள்ளைகளுக்குக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரையின் கையில் கொடுத்தது. கொழுந்தின் கணக்கைப் பார்க்கும் கையே கல்வியையும் பார்த்தது. 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தபோது தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. 1948இல் பிரஜாவுரிமையும் போயிற்று. 1970களின் பிற்பகுதியில்தான் தோட்டப் பாடசாலைகளை அரசு பெருமளவில் பொறுப்பேற்கத் தொடங்கியது. இதற்கிடையில், 1912இல் இரத்மலானையில் பார்வையற்றோருக்கும் செவிப்புலனற்றோருக்குமான பாடசாலை மிஷனரிகளால் ஆரம்பிக்கப்பட்டிருந்தது. 1960களின் இறுதியிலிருந்து கல்வி அமைச்சு சாதாரண பாடசாலைகளில் விசேட பிள்ளைகளைச் சேர்க்கும் திட்டத்தைத் தொடங்கியிருந்தது. நாடு விசேட கல்வியைப் பற்றிச் சிந்தித்த வேளையில் நமது பிள்ளைகளுக்குச் சாதாரண கல்வியே இல்லை. இன்றைய பெற்றோருக்கு வழி தெரியவில்லை என்றால், அவர்களுடைய பெற்றோர் எவரும் அவ்வழியால் போகவில்லை என்பதே காரணம். பாதையே இல்லாத இடத்தில் வழி கேட்பவரை அறிவிலி என்பது என்ன நியாயம்?

1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் நமது குடும்பங்கள் பாதியாகப் பிரிந்தன. நீலகிரியில் கூடலூர், கோத்தகிரிப் பக்கம் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தமிழ்நாட்டுப் பள்ளிகளில் படிக்கின்றனர். அங்கே ஒன்றியந்தோறும் வட்டார வள மையம் இருக்கின்றது, சிறப்பாசிரியர் நியமிக்கப்படுகின்றார், பள்ளிக்கு வர இயலாத பிள்ளைக்கு வீட்டிலேயே பயிற்சி அளிக்கும் திட்டம் உண்டு, பிள்ளைக்குப் போக்குவரத்துப் படியும், உடன்வருபவருக்குத் துணைப்படியும் உண்டு. அங்கும் ஆயிரம் குறைகள் இருக்கின்றன; ஆசிரியர் பற்றாக்குறையைப் பற்றி அங்குள்ளவர்களே எழுதுகின்றனர். ஆனால் உடன்வரும் தாயின் நாட்கூலி இழப்பை ஓர் அரசு ஒரு படியாகவாவது ஒப்புக்கொண்டுள்ளது என்பதைக் கவனியுங்கள். நம்மிடம் அந்த எண்ணமே இன்னும் பிறக்கவில்லை. கூட்டு ஒப்பந்தப் பேச்சுவார்த்தையில் கிளினிக் நாளுக்கு ஒரு பேர் கேட்ட தொழிற்சங்கம் ஒன்று இருந்தால், அதன் பெயரை அறிய ஆவலாக இருக்கின்றேன். கோவிலுக்குக் கூரைத் தகடு கேட்பதற்கு மட்டும் நமது தலைவர்களிடம் விழிப்புணர்வு குறைந்ததே இல்லை.

வலது குறைந்தோருக்கான மாதாந்தக் கொடுப்பனவு 2024இல் 7,500 ரூபாயாகவும் 2025இல் 10,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டதை வரவேற்கின்றேன். ஆனால் அது கல்வியன்று. "பிள்ளைக்குக் காசு வருகிறதுதானே" என்று சொல்லிப் பாடசாலைக் கதவை மூடும் வழக்கம் வந்துவிடக் கூடாது.

இனி, பெற்றோருக்கும், அவர்களுக்கு இதை வாசித்துக் காட்டக்கூடிய தோட்டத்து இளைஞர்களுக்கும், தோட்டப் பாடசாலை ஆசிரியர்களுக்கும் சில சொற்கள். பிள்ளை பிறந்தவுடன் மருத்துவ மாது தரும் சுகாதார விருத்திப் பதிவேட்டைத் தடுப்பூசி கொப்பி என்று மட்டும் எண்ணாதீர்கள். எந்த வயதில் பிள்ளை எதைச் செய்ய வேண்டும் என்ற அட்டவணையும், பார்வை, கேட்டல் பற்றிய கேள்விகளும் அதில் உள்ளன. நீங்கள் கண்டதை அதில் குறிக்கச் சொல்லுங்கள். குறித்த திகதி பின்னர் பெரும் சாட்சியாகும். எந்த வைத்தியரிடம் சென்றாலும் கையில் தரப்படும் துண்டு என்ன துண்டு, அடுத்து எந்த அறை, எந்த நாள் என்று கேட்டறியாமல் அறையைவிட்டு வெளியே வராதீர்கள். தமிழ் தெரிந்தவரை அழைக்கும்படி கேட்பது சலுகை அன்று. அது அரசியலமைப்பு தரும் உரிமை. தாள்கள் எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். 2014 ஒக்டோபரில் மீரியபெத்தையும் 2025 நவம்பரில் டித்வா புயலும் நமக்குக் காட்டின: மலை சரியும்போது பெட்டியிலுள்ள தாளும் போய்விடும்.

பிள்ளைக்கு ஐந்து வயது நிரம்பும்போது, குறை எதுவானாலும், அருகிலுள்ள பாடசாலைக்கே முதலில் விண்ணப்பியுங்கள். சேர்க்க முடியாது என்றால் அதைக் காரணத்துடன் எழுதித் தரும்படி பணிவாகக் கேளுங்கள். வாயால் மறுப்பவர் பலர் எழுத்தால் மறுக்க அஞ்சுவர். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். எழுதித் தந்தால் அத்தாளுடன் வலயக் கல்வி அலுவலகத்தில் விசேட கல்விக்குப் பொறுப்பான உதவிக் கல்விப் பணிப்பாளரைச் சந்தியுங்கள். விசேட அலகில் சேர்க்கலாம் என்று சொல்லப்பட்டால், எந்த மொழியில் கற்பிக்கப்படும், பயிற்சி பெற்ற ஆசிரியர் உண்டா, எப்போது சாதாரண வகுப்புக்கு மாற்றப்படும் என்ற மூன்றையும் கேட்டபின்பே சம்மதியுங்கள். பரீட்சைக் காலத்தில் மேலதிக நேரம், பெரிய எழுத்து வினாத்தாள், எழுதுவதற்கு உதவியாளர் ஆகியவற்றை மருத்துவ அறிக்கையுடன் அதிபர் ஊடாகப் பரீட்சைத் திணைக்களத்திடம் கோரலாம். அதைக் கடைசி மாதத்தில் தொடங்கினால் பயனில்லை.

பாரபட்சம் நேர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்குப் பதுளையிலேயே பிராந்திய அலுவலகம் உண்டு. தமிழில் முறையிடலாம், கட்டணம் கிடையாது. ஆனால் ஒரு மாதத்துக்குள் போய்விடுங்கள். அடிப்படை உரிமை வழக்குக்குரிய காலவரையறை ஒரு மாதம். அதற்குள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் அதில் கணக்கிடப்படாது.

ஆசிரியர்களையும் இளைஞர்களையும் ஒன்று கேட்டுக்கொள்கின்றேன். 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் வலயக் கல்வி அலுவலகத்துக்குத் தமிழில் ஒரு விண்ணப்பம் எழுதுங்கள். இவ்வலயத்தில் தமிழ்மொழி மூல விசேட கல்வி அலகுகள் எத்தனை, எந்தெந்தப் பாடசாலைகளில் உள்ளன? அவற்றில் விசேட கல்விப் பயிற்சி பெற்ற ஆசிரியர் எத்தனை பேர்? கடந்த ஐந்தாண்டுகளில் அவ்வலகுகளிலிருந்து சாதாரண வகுப்புக்கு மாறிய பிள்ளைகள் எத்தனை பேர்? பிள்ளைகளின் மதிப்பீடு எந்த மொழியில், எவரால் செய்யப்பட்டது? அம்மதிப்பீட்டின் பிரதி பெற்றோருக்குத் தமிழில் வழங்கப்பட்டதா? பதுளை, பண்டாரவளை, வெலிமடை வலயங்களுக்குத் தனித்தனியே அனுப்புங்கள். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தமது முடிவை அறிவிக்க வேண்டும். எழுத இயலாதவர் வாயால் கேட்டாலும் அதை எழுத்தில் பதிய வேண்டியது அவருடைய கடமை. திகதியிட்ட பிரதி ஒன்றில் பெற்றுக்கொண்டமைக்கான கையொப்பத்தை வாங்கிக்கொள்ளுங்கள். கிடைக்கும் பதிலை, மறுப்பாயினும் சரி, எனக்கு அனுப்பினால் இங்கே ஒரு சொல்லும் மாற்றாமல் வெளியிடுவேன்.